மணல் எழுத்தும் வருஷப் பரீட்சையும்

லண்டனில் உள்ள வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அரசர்களையும் கவிஞர்களையும் அடக்கம் செய்திருக்கிறார்கள் என்பது எல்லாரும் அறிந்த விஷயம். அந்தப் பெரிய மனிதர்களுக்கு நடுவே, நம்முடைய எழும்பூரில் ஏழு வருஷம் பள்ளிக்கூடம் நடத்திய ஒரு பாதிரியாரும் படுத்திருக்கிறார் என்பது அவ்வளவாகத் தெரியாது. ஆண்ட்ரூ பெல் என்று பெயர். ஸ்காத்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் என்ற ஊரில் 1753-ல் பிறந்து, 1832-ல் காலமானவர். அவர் விட்டுச் சென்ற பணத்தைக் கொண்டு அந்த ஊரில் ஒரு பள்ளிக்கூடம் கட்டினார்கள். அதற்கு ‘மெட்ராஸ் காலேஜ்’ என்று பெயர். இன்றைக்கும் அதே பெயரில் நடக்கிறது. நாம் மெட்ராஸைச் சென்னையாக்கி வெகு காலமாகிறது. ஸ்காத்லாந்துக்காரர்கள் பழைய பெயரை விடவில்லை.

பெல் பாதிரியார் 1787-ல் சென்னையில் வந்து இறங்கினார். 1789-ல் எழும்பூரில், இன்று ரயில் நிலையம் இருக்கிற பக்கத்தில் இருந்த ராணுவ அநாதைப் பையன்கள் விடுதிக்கு மேற்பார்வையாளரானார். கும்பினிப் படையில் சேவித்த வெள்ளைச் சிப்பாய்களுக்கும் இந்த நாட்டுப் பெண்களுக்கும் பிறந்த பிள்ளைகள் அங்கே வளர்ந்தார்கள். அவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கச் சில உபாத்தியாயர்கள் இருந்தார்கள். எழுத்துக் கற்பிக்கவே அவர்களுக்கு மாதக்கணக்கில் ஆயிற்று. ஒருநாள் காலையில் குதிரைச் சவாரி போன பெல், வழியில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தைப் பார்த்தார். அந்தக் காலத்து வெள்ளைக்காரர்கள் தமிழரை ‘மலபார்’ என்றே சொல்வார்கள். அவரும் அப்படித்தான் எழுதியிருக்கிறார். பிள்ளைகள் தரையில் மணலைப் பரப்பி விரலால் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

திரும்பி வந்து, தம் உபாத்தியாயர்களிடம் இப்படிச் செய்யுங்கள் என்றார். நடக்காது என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். சம்பளம் வாங்குகிறவர்களிடம் புதிய யோசனை சொன்னால் முதலில் வருகிற பதில் அதுதானே! பெல் அவர்களோடு மல்லுக்கு நிற்கவில்லை. ஜான் ஃப்ரிஸ்கன் என்ற எட்டு வயதுச் சிப்பாய் மகனைக் கூப்பிட்டு, அரிச்சுவடி வகுப்பை அவனிடம் ஒப்படைத்தார். உபாத்தியாயர்களால் ஆகாததைப் பையன் செய்து காட்டினான். பிறகு வகுப்புக்கு வகுப்பு பையன்களே உபாத்தியாயர்களானார்கள். 1796-ல் ஊர் திரும்பிய பெல், மறு வருஷம் லண்டனில் இந்தச் சோதனையைப் பற்றி ஒரு சிறு புத்தகம் போட்டார். அதிலிருந்து ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயர் பரவியது. அவர் இறக்கும்போது பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பள்ளிக்கூடங்கள் அந்த முறையில் நடந்ததாகச் சொல்கிறார்கள்.

இந்தக் கதையை நம்மவர்கள் பெருமையோடு சொல்வதைப் பல தடவை கேட்டிருக்கிறேன். நம் சட்டாம்பிள்ளையைத்தான் வெள்ளைக்காரன் கடல் தாண்டிக் கொண்டுபோனான் என்பார்கள். அது உண்மைதான். ஆனால் சட்டாம்பிள்ளையைவிட எனக்கு அந்த மணல்தான் விசேஷமாகப் படுகிறது.

மணலில் எழுதுகிற பிள்ளையை நினைத்துப் பாருங்கள். ‘அ’ எழுதுகிறான். சுழி கோணலாகப் போகிறது. பக்கத்தில் இருக்கும் பெரிய பையன் அவன் விரலைப் பிடித்து இன்னொரு தரம் இழுக்கிறான். பழைய எழுத்தை உள்ளங்கையால் தடவிவிட்டால் போயிற்று. கோணல் எழுத்துக்குச் சாட்சியே கிடையாது. மறுபடி எழுதுகிறான். சரியாக வந்தால் ‘ஆ’. வராவிட்டால் இன்னொரு ‘அ’. இப்படிக் காலையிலிருந்து உச்சிவேளைக்குள் ஐம்பது தடவை அவனுக்குப் பரீட்சை நடந்துவிடுகிறது. ஆனால் அது பரீட்சை என்று அவனுக்கும் தெரியாது, நடத்துகிறவனுக்கும் தெரியாது. ஒவ்வொரு தடவையும் அடுத்தபடி என்ன செய்வது என்பது மட்டும் முடிவாகிறது.

இது என் கற்பனை அல்ல. 1822-ல் சென்னை கவர்னராக இருந்த தாமஸ் மன்றோ, ராஜதானி முழுவதிலும் எத்தனை பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன, யார் யார் படிக்கிறார்கள் என்று கணக்கெடுக்கச் சொல்லி எல்லாக் கலெக்டர்களுக்கும் உத்தரவு போட்டார். பெரும்பாலோர் அட்டவணையை நிரப்பி அனுப்பிவிட்டு வேறு ஜோலியைப் பார்த்தார்கள். பல்லாரிக் கலெக்டர் காம்ப்பெல் மட்டும் 1823 ஆகஸ்டில் நீண்ட கடிதம் ஒன்று எழுதினார். பல்லாரி இன்று கர்நாடகத்தில் இருக்கிறது. அன்று சென்னை ராஜதானியைச் சேர்ந்தது. அங்கே நடந்தவை தெலுங்கு, கன்னடப் பள்ளிகள். ஆனால் அவர் வர்ணிப்பதைப் படித்தால், நம் தாத்தாக்கள் சொன்ன திண்ணைப் பள்ளிக்கூடம் அப்படியே கண்முன் வந்து நிற்கும்.

காலை ஆறு மணிக்குப் பள்ளிக்கூடம். முதலில் வருகிறவனுடைய உள்ளங்கையில் சரஸ்வதியின் பெயரை எழுதுவார்கள். இரண்டாவதாக வருகிறவனுக்கு ஒரு பூஜ்யம்; பாராட்டும் இல்லை, பழியும் இல்லை என்று அதற்கு அர்த்தம். மூன்றாமவனுக்கு லேசாக ஓர் அடி, நாலாமவனுக்கு இரண்டு, அப்புறம் ஆளுக்கு ஒன்று கூடிக்கொண்டே போகும். இருபதாவதாக வருகிற பிள்ளை வீட்டிலேயே இருந்துவிடலாம் என்று நினைத்திருந்தால் அவனைக் குற்றம் சொல்ல முடியாது!

அந்தக் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்த இடம் வேறு. பிள்ளைகளைப் பொதுவாக நாலு வகுப்பாகப் பிரிப்பார்கள், கீழ் வகுப்புகளைச் சட்டாம்பிள்ளைகள் பார்த்துக்கொள்ள, மேல் வகுப்பை உபாத்தியாயரே கவனித்தபடி மொத்தப் பள்ளியின் மேலும் ஒரு கண் வைத்திருப்பார் என்கிறார் காம்ப்பெல். ஒரு பிள்ளை ஒரு வகுப்பிலிருந்து அடுத்ததற்கு எப்போது போவான்? ஜூன் மாதம் பிறந்தால் அல்ல. அவனுடைய சக்திக்கும் முன்னேற்றத்துக்கும் தக்கபடி. மணலில் கை திருந்திய பிறகுதான் ஓலையும் எழுத்தாணியும் அவன் கைக்கு வரும். ஓலை வந்துவிட்டால் அதுவே ஒரு பட்டம். வேறு சர்ட்டிபிகேட் இல்லை.

சாயங்காலம் வீட்டுக்கு விடுவதற்கு முன்னால் பூ, பட்சி, ஊர் என்று ஆளுக்கு ஒரு பெயர் சொல்லி அனுப்பி, மறுநாள் காலையில் திருப்பிக் கேட்கும் வழக்கமும் இங்கே இருந்தது. திண்ணையில் படித்தவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். காலையில் சொல்ல முடியாதவன் எவன் என்று உபாத்தியாயருக்கு விடிந்ததும் தெரிந்துவிடும்.

இதையெல்லாம் சொல்வதால் திண்ணைப் பள்ளியைப் பொற்காலம் என்று சொல்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். சோம்பேறிப் பையனைக் கைகளைக் கட்டிக் கூரையிலிருந்து தொங்கவிட்டதையும் அதே காம்ப்பெல் எழுதியிருக்கிறார். பிள்ளைகள் செய்யுள்களைப் பொருள் தெரியாமல் ஒப்பித்தார்கள் என்பது அவருடைய பெரிய குறை. அதில் நியாயம் உண்டு. இதையெல்லாம்விடப் பெரிய குறை, அந்தத் திண்ணையில் ஏற முடியாதவர்களைப் பற்றியது. மன்றோவின் கணக்குப்படி ராஜதானியில் 12,498 பள்ளிக்கூடங்கள் இருந்தன. 1,88,650 பேர் படித்தார்கள். பெண் குழந்தைகள் மிகக் குறைவுதான். சேரியிலிருந்து ஒரு பிள்ளை வந்து அந்த மணலில் விரல் வைத்திருக்க முடியாது. உபாத்தியாயரும் சுகமாக வாழ்ந்துவிடவில்லை. தலைக்கு மாதம் நாலணா முதல் எட்டணா வரை வாங்கி, மொத்தத்தில் ஆறு ஏழு ரூபாய்க்கு மேல் பெரும்பாலோர் சம்பாதிக்கவில்லை என்று மன்றோவே குறிப்பு எழுதியிருக்கிறார்.

ஆனால் அந்த ஆறு ரூபாய் உபாத்தியாயரிடம் ஒரு தகவல் இருந்தது. எந்தப் பிள்ளை எந்த எழுத்தில் நிற்கிறான் என்று எந்த நிமிஷத்தில் கேட்டாலும் சொல்லுவார்.

பெல் பாதிரியார் இந்தத் தகவலின் அருமையை உணர்ந்திருந்தார் என்றே நான் நினைக்கிறேன். எழும்பூரில் அவர் பையன்களை ஜோடி ஜோடியாக உட்கார வைத்தார். கற்பவன் ஒருவன், கற்பிப்பவன் ஒருவன். பாடத்தைச் சின்னச் சின்னத் துண்டுகளாக்கி, ஒன்று முழுக்க வந்த பிறகே அடுத்ததற்குப் போகச் சொன்னார். வகுப்பில் இடம் நிரந்தரமல்ல. சரியாகச் சொன்னவன் மேலே ஏறுவான், தவறியவன் இறங்குவான். சில நாள் தலைமாட்டில் நின்றவனை அடுத்த வகுப்புக்குத் தள்ளிவிடுவார்கள். அங்கே அவனுக்குத் தாக்குப்பிடிக்கவில்லை என்றால் திரும்பி வருவான். ஒவ்வொருவனும் தன் மட்டத்தைத் தானே கண்டுகொள்வான் என்பது அவர் கொள்கை. ஒரு நாளில் எத்தனை பாடம் நடந்தது என்று பதிவேடு இருந்தது. குற்றம் செய்தவர்களுக்கு ஒரு கறுப்புப் புத்தகம். வாரம் ஒரு முறை அதை வாசித்து, பையன்களே ஜூரிகளாக உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னார்கள்.

லண்டனில் ஜோசப் லங்காஸ்டர் என்பவர் கிட்டத்தட்ட இதே முறையைத் தாமாகவே நடத்தி, யார் முதலில் கண்டுபிடித்தது என்று பெல்லோடு பெரிய சண்டை போட்டார். அந்தச் சண்டை நமக்கு வேண்டாம். லங்காஸ்டர் செய்த ஒரு காரியம் மட்டும் குறிப்பிடத் தக்கது: வாசிப்புக்கு ஒரு வகுப்பு, கணக்குக்கு வேறு வகுப்பு என்று பிரித்தார். வாசிப்பில் மந்தமாக இருப்பவன் கணக்கில் புலியாக இருக்கலாம் அல்லவா? நம்மில் பாதிப் பேர் அப்படித்தானே!

சீமையில் இந்த முறை பெருகப் பெருக அதன் ஜீவன் போயிற்று. நூற்றுக்கணக்கான பிள்ளைகளை ஒரே கூடத்தில் அடைத்தார்கள். பத்து வயதுப் பையன் எட்டு வயதுப் பையனை ஒப்பிக்கச் சொல்லிக் கேட்பதோடு படிப்பு முடிந்தது. ‘செலவு குறைவு’ என்பதற்காக இதைப் புகழ்ந்தவர்கள், அந்த ஒரு குணத்தை மட்டும் வைத்துக்கொண்டார்கள். அதற்கு அப்புறம் வந்தது இதைவிட மோசம்.

1862-ல் இங்கிலாந்தில் ராபர்ட் லோ என்ற மந்திரி ஒரு திருத்தச் சட்டத் தொகுப்பைக் கொண்டுவந்தார். பள்ளிக்கூடத்துக்குச் சர்க்கார் கொடுக்கும் மானியத்தைப் பிள்ளைகளின் பரீட்சையோடு கட்டிப்போட்டார். வருகைக்காகத் தலைக்கு 4 ஷில்லிங். பரீட்சைக்காக 8 ஷில்லிங். அதில் படித்தல், எழுதுதல், கணக்கு இவற்றில் ஒன்று தவறினால் 2 ஷில்லிங் 8 பென்ஸ் கழியும். வருஷத்தில் ஒரு நாள் இன்ஸ்பெக்டர் வருவார். அன்றைக்கு ஒரு பிள்ளை தடுமாறினால் உபாத்தியாயர் வீட்டு அடுப்பில் அது தெரியும். இந்த ஏற்பாடு ஒன்று திறமையாக இருக்கும், அல்லது மலிவாக இருக்கும் என்று லோ பார்லிமெண்டில் சமாதானம் சொன்னார்.

என்ன நடந்திருக்கும் என்று கதை எழுதத் தெரிந்த எவனும் ஊகித்துவிடலாம். வாசகப் புத்தகத்தை முழுக்க உருப்போட வைத்தார்கள். புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டே பிள்ளைகள் பிழையில்லாமல் ‘வாசித்ததாக’ அந்த நாட்டில் இன்றும் கதை சொல்வார்கள். எப்படியும் தேறிவிடும் கெட்டிக்காரனை விட்டுவிட்டார்கள். எப்படியும் தேறாதவனையும் விட்டுவிட்டார்கள். நடுவில் ஊசலாடுகிறவன்தான் காசு. கவிஞர் மாத்யூ ஆர்னால்ட் அந்தச் சமயம் பள்ளி இன்ஸ்பெக்டராக வேலை பார்த்துக்கொண்டிருந்தார். தம் வருஷ அறிக்கைகளில், படிப்பு இயந்திரமாகிவிட்டது என்று அவர் மனம் நொந்து எழுதினார். தாம் வாங்கும் சம்பளம் யாருடையது என்று பார்க்காமல் எழுதியதற்காகவே அவரிடம் எனக்கு மரியாதை அதிகம். 1890களில்தான் அந்த முறை படிப்படியாக ஒழிந்தது.

அது ஒழிவதற்குள் கப்பலேறி இங்கே வந்துவிட்டது. பெல் கொண்டுபோனதற்குச் சீமைக்காரர்கள் செய்த கைம்மாறு என்று வைத்துக்கொள்ளலாம். 1860களிலேயே சென்னை ராஜதானியில் ‘ரிசல்ட் கிராண்ட்’ முளைத்தது. 1882-ல் ஹண்டர் கமிஷனும் நாட்டுப் பள்ளிகளுக்கு இதையே சிபாரிசு செய்தது. திண்ணையில் உட்கார்ந்திருந்த உபாத்தியாயர், இன்ஸ்பெக்டர் துரை வருகிற நாளை எண்ண ஆரம்பித்தார். இதனால் ஒரு நன்மை உண்டு, அதையும் மறைக்கக் கூடாது: சர்க்கார் பணம் வந்தபோது, சர்க்கார் விதியைக் காட்டித் திண்ணை ஏறுகிற உரிமையைக் கேட்கக் கொஞ்சம் கொஞ்சமாக வழி பிறந்தது. ஆனால் ‘இவன் எந்த எழுத்தில் நிற்கிறான்’ என்ற பழைய கேள்வி போய், ‘இவன் பாஸா, பெயிலா’ என்ற கேள்வி வந்து உட்கார்ந்தது. 1904-ல் கர்ஸான் பிரபுவின் சர்க்கார் ஆரம்பப் பள்ளிகளில் ரிசல்ட் கிராண்ட் கூடாது என்று தீர்மானம் போட்டது. மானியம் போயிற்று, கேள்வி போகவில்லை.

அறுபது வருஷம் கழித்து அமெரிக்காவில் இந்த இரண்டு கேள்விகளுக்கும் இரண்டு பெயர் வைத்தார்கள். 1967-ல் மைக்கேல் ஸ்க்ரிவன் என்ற தத்துவ ஆசிரியர், ஒரு காரியம் நடந்துகொண்டிருக்கும்போதே அதைத் திருத்துவதற்காகச் செய்யும் மதிப்பீடு வேறு, முடிந்த பிறகு தீர்ப்புச் சொல்லும் மதிப்பீடு வேறு என்று பிரித்தார். அவர் பேசியது பாடத்திட்டங்களைப் பற்றி. பெஞ்சமின் ப்ளூம் அதைப் பிள்ளைகளின் படிப்புக்குக் கொண்டுவந்தார். தமிழில் இப்போது முதலாவதை வளரறி மதிப்பீடு என்றும், இரண்டாவதைத் தொகுத்தறி மதிப்பீடு என்றும் சொல்கிறார்கள். வளரறி என்ற சொல் நன்றாகவே அமைந்திருக்கிறது. 1998-ல் லண்டனில் பால் பிளாக், டிலன் வில்லியம் என்ற இருவர் சுமார் இருநூற்றைம்பது ஆராய்ச்சிகளைப் புரட்டிப் பார்த்து, வகுப்பில் அன்றாடம் நடக்கும் இந்த மதிப்பீட்டைப் போலப் படிப்பை உயர்த்துவது அதிகம் இல்லை, அதிலும் பின்தங்கிய பிள்ளைகளுக்குத்தான் லாபம் அதிகம் என்று சொன்னார்கள்.

இஸ்ரேலில் ரூத் பட்லர் என்ற அம்மையார் 1988-ல் வெளியிட்ட சோதனை ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. சில பிள்ளைகளின் தாளில் மதிப்பெண் மட்டும் போட்டுக் கொடுத்தார்கள். சிலருக்கு மதிப்பெண் இல்லை; எது நன்றாக இருக்கிறது, எதைத் திருத்த வேண்டும் என்று ஒரு குறிப்பு மட்டும். இன்னும் சிலருக்கு இரண்டும். குறிப்பு மட்டும் பெற்றவர்கள் அடுத்த தடவை முன்னேறினார்கள். மதிப்பெண் மட்டும் பெற்றவர்கள் முன்னேறவில்லை, அது எதிர்பார்த்ததுதான். இரண்டையும் பெற்றவர்களும் முன்னேறவில்லை! மதிப்பெண்ணைப் பார்த்த கண், குறிப்பைப் பார்க்கவில்லை. மணலில் மதிப்பெண் போட இடமில்லாதது எவ்வளவு பெரிய சௌகரியம் என்று அப்போதுதான் புரிந்தது.

நம் தமிழ்நாட்டுக்கு வருவோம். இங்கே நல்ல முயற்சிகள் இல்லாமல் இல்லை. 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. சுவரில் ஏணிப்படி, அலமாரியில் அட்டைகள். பிள்ளை தான் நிற்கும் படியைத் தானே பார்த்து அடுத்த அட்டையை எடுத்துக்கொள்ளும். 2007-ல் அது மாநிலம் முழுவதற்கும் பரவியது. 2012-ல் முப்பருவ முறை வந்தபோது, வளரறி மதிப்பீட்டுக்கு 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என்று மதிப்பெண்ணைப் பங்கு போட்டார்கள். இங்கேதான் பழைய லோ துரை மறுபடி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார் என்பது என் அபிப்பிராயம். அடுத்து என்ன செய்வது என்று ஆசிரியர் தெரிந்துகொள்வதற்காக ஏற்பட்ட காரியத்துக்கு நாற்பது மதிப்பெண் எதற்கு? நாற்பது என்று சொன்னவுடன் அதை நிரப்பப் பதிவேடு வேண்டும், பதிவேட்டைப் பார்க்க அதிகாரி வேண்டும், அதிகாரியைத் திருப்தி செய்ய முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது என்று போட வேண்டும். பல வீடுகளில் அம்மாக்கள் ராத்திரி பத்து மணிக்கு ‘செயல்திட்ட’த்துக்குத் தெர்மகோல் வெட்டிக்கொண்டிருந்ததை நான் பார்த்திருக்கிறேன். 2019-ல் ஐந்தாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் பொதுத் தேர்வு என்று அறிவித்து, நாடெங்கும் கூச்சல் கிளம்பிய பிறகு 2020 பிப்ரவரியில் வாபஸ் வாங்கிக்கொண்டார்கள். பத்து வயதுக் குழந்தைக்குப் பொதுத் தேர்வு!

கொரோனாவில் பள்ளிக்கூடங்கள் மூடிக் கிடந்து, பிள்ளைகள் எழுத்தையே மறந்து திரும்பி வந்தபோது, 2022 ஜூனில் ‘எண்ணும் எழுத்தும்’ ஆரம்பித்தார்கள். ஒன்று முதல் மூன்று வரையுள்ள வகுப்புகளில், பிள்ளைக்கு என்ன வருகிறது என்று முதலில் பார்த்து, அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து உட்கார வைப்பது. வகுப்பைப் பார்க்காமல் மட்டத்தைப் பார்ப்பது. பெல் பாதிரியாரோ பல்லாரி உபாத்தியாயரோ எழுந்து வந்தால், பெயர்கள்தான் புதிது என்பார்கள்.

அந்தத் திட்டம் தொடங்கிய மறு வருஷம் ஒரு கிராமத்து ஆரம்பப் பள்ளிக்குப் போயிருந்தேன். மூன்றாம் வகுப்பு ஆசிரியை ஒருவர் பிள்ளைகளைக் கூட்டம் கூட்டமாகத் தரையில் உட்கார வைத்திருந்தார். கையில் செல்போன். ஒவ்வொரு பிள்ளையாகக் கேள்வி கேட்டுச் செயலியில் விடையைப் பதிய வேண்டுமாம். சிக்னல் கிடைக்காமல் அவர் வேப்பமரத்தடிக்கும் வகுப்புக்கும் நடந்துகொண்டிருந்தார்.

“ஒரு பிள்ளைய கேட்டு முடிக்கிறதுக்குள்ள மத்ததுங்க எல்லாம் சும்மா இருக்குதுங்க சார். பாடம் நடத்துறதா, ஏத்துறதா?” என்றார்.

மேஜை மேல் நாற்பது பக்க நோட்டு ஒன்று கிடந்தது. பார்க்கலாமா என்று கேட்டேன். கொஞ்சம் கூச்சத்தோடு கொடுத்தார். இடது பக்கம் பிள்ளைகளின் பெயர். எதிரே அந்தப் பிள்ளைக்கு இன்னும் வராதது. ஒருத்திக்கு ‘ள, ழ’. ஒருவனுக்கு ‘கொம்புக் கால்’. ‘பத்துக்கு மேல் எண்ணும்போது 14-ஐ விட்டுவிடுகிறான்’ என்று ஓரிடத்தில். வந்துவிட்டதை ஒரு கோடு போட்டு அடித்திருந்தார். மதிப்பெண் எங்கும் இல்லை.

“இதை யார் கேட்கிறார்கள்?” என்றேன்.

“யாரும் கேக்க மாட்டாங்க சார். எனக்குத்தான்.”

அந்த வாரம் பதினொரு பேருக்கு எதிரே ‘கடன் வாங்கிக் கழித்தல்’ என்று எழுதியிருந்தது. குச்சிக் கட்டு வைத்துச் சொல்லிப் பார்த்ததில் சரிப்படவில்லை என்றும், திங்கட்கிழமை பத்துப் பத்தாகப் புளியங்கொட்டை கட்டிய முடிச்சுகளைக் கொண்டுவந்து, முடிச்சைப் பிள்ளைகளையே அவிழ்க்கச் சொல்லிப் பார்க்கப் போவதாகவும் சொன்னார்.